கேமரா மாட்டியாச்சு சரி, பதிவு எத்தனை நாளைக்கு இருக்கும்?



காவல்துறை மானியக் கோரிக்கை பத்தி நம்ம பக்கத்துல ஒரு கார்டு போட்டிருந்தோம். பார்த்திருப்பீங்க. தொகையைப் பெருசா போட்டு, பின்னால சைரன் லைட் படம். அதை டிசைன் பண்ணினது நான்தான். லைக் நல்லா வந்துச்சு. கீழே கமெண்ட்ல பாதிப் பேர் கேட்டது ஒரே மாதிரிதான்: "எங்க ஊர் ஸ்டேஷனுக்கு புது ஜீப் எப்போ?", "கேமரா எப்போ?", "இன்னும் பழைய வாக்கி டாக்கிதானா?"

கேள்வி நியாயம்தான். ஆனா அந்தக் கார்டுல நான் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. அது கார்டுக்குள்ள அடங்காது, அதனால பதிவா எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

நான் ஆழ்வார்குறிச்சிக்காரன். இசிஇ முடிச்சிட்டு ஒரு வருஷம் சிசிடிவி மாட்டுற கம்பெனில வேலை பார்த்தேன். ஜவுளிக்கடை, ரைஸ் மில், கல்யாண மண்டபம்னு கடையம் பக்கத்துல இருந்து அம்பை வரைக்கும் ஏணியைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கேன். அதனால கேமரான்னா எனக்கு முதல்ல கேமரா ஞாபகம் வராது. மேஜைக்கு அடியில தூசி பிடிச்சு உட்கார்ந்திருக்கிற அந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும். அதுக்குள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க்.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க சித்தப்பாவை ஒரு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க. வரப்புத் தகராறு. எந்த ஸ்டேஷன்னு எழுத மாட்டேன், சித்தப்பா எழுதக்கூடாதுன்னு சொல்லியிருக்கார். காலையில போனவர் ராத்திரி ஒன்பதரைக்கு வந்தார். இடது காதைப் பொத்திக்கிட்டே வந்தார். யார் அடிச்சா, எதுக்கு அடிச்சாங்கன்னு நான் குதிச்சப்போ அவர் சொன்னது: "ஏல, விடு. நாளைக்கும் அந்த ஸ்டேஷன் வாசல் வழியாத்தான் நான் வயக்காட்டுக்குப் போவணும்."

விட்டோம். நாற்பது நாள் கழிச்சும் காது சரியா கேட்கல. திருநெல்வேலில டாக்டர்கிட்ட காட்டினா, காதுச் சவ்வு கிழிஞ்சிருக்குன்னார். திரும்பி வர்ற பஸ்ல சித்தி கேட்டாங்க: "ஏய்யா, நீதான் கேமரா வேலை பாக்கியே. அங்க கேமரா இருந்துச்சாம்லா? அதுல இருக்கும்லா?"

நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். எத்தனை கேமரா, என்ன டிஸ்க், எத்தனை நாள்ல மேல மேல அழிச்சு எழுதும். "இருக்காது சித்தி"ன்னுட்டேன். அதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ணல. பத்து பைசா செலவில்லாம ஒரு மனு எழுதியிருக்கலாம், முதல் நாளே எழுதியிருக்கலாம். அப்படி ஒரு உரிமை இருக்குன்னே எனக்குத் தெரியல. கேமரா மாட்டத் தெரிஞ்ச எனக்கே தெரியல.

இப்போ அம்பைக்கு வருவோம். நம்ம பகுதியில இதைப் பேசாம காவல்துறையைப் பத்திப் பேச முடியாது. 2023 மார்ச் மாதம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் காவல் நிலையங்களில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள், தங்கள் பற்களை அங்கே ஏஎஸ்பியாக இருந்த அதிகாரி கட்டிங் பிளையரால் பிடுங்கினார் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். நாடே பேசியது. சேரன்மகாதேவி சார் ஆட்சியர் விசாரித்தார். அந்த அதிகாரியை சஸ்பெண்ட் செய்ததாக மார்ச் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அடுத்து உயர்மட்ட விசாரணை. ஏப்ரலில் வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. பிறகு குற்றப்பத்திரிகை, நீதிமன்றம். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

நான் கேட்கிறது வேற. அந்த மூணு ஊரும் எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா அரை மணி, முக்கால் மணி நேரம். பாபநாசத்துக்குக் குளிக்கப் போற வழி. அங்கே என்ன நடந்ததுன்னு தெரிஞ்சுக்க சார் ஆட்சியர், ஐஏஎஸ் அதிகாரி, சிபிசிஐடின்னு அடுக்கடுக்கா விசாரணை வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்ட பையன்கள் வாயைத் திறந்து காட்டி வீடியோ போட வேண்டியிருந்தது. அரசாங்கப் பணத்துல ஸ்டேஷன்களுக்குக் கேமரா வாங்குறதே, யாரும் இப்படி வாயைத் திறந்து காட்ட வேண்டிய நிலை வரக்கூடாதுன்னுதானே?

இன்னும் கொஞ்சம் கிழக்கே போனா சாத்தான்குளம். 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தைத் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வச்சிருந்தாங்கன்னு சொல்லி ஜெயராஜ், பென்னிக்ஸ் ரெண்டு பேரையும் பிடிச்சாங்க. கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினாங்க. 22-ஆம் தேதி இரவு மகன், 23-ஆம் தேதி காலை அப்பா. ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. இது உங்க எல்லாருக்கும் தெரியும். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குக் கொடுத்த அறிக்கையில ஒரு வரி இருக்கு. அதை எத்தனை பேர் கவனிச்சீங்கன்னு தெரியல. அந்த ஸ்டேஷன்ல கேமரா இருந்தது. ஒரு டிபி அளவுக்கு சேமிப்பு வசதி இருந்தது. ஆனா பதிவுகள் தினமும் தானா அழியுற மாதிரி செட்டிங் வச்சிருந்தாங்க. 19-ஆம் தேதி ராத்திரிப் பதிவு இல்லை.

செட்டிங் தோழர்களே, செட்டிங். மெனுவுக்குள்ள போய் ஒரு எண்ணை மாத்துற வேலை. எனக்கு அரை நிமிஷம் ஆகும். கேமராவுக்குப் பணம் கொடுத்தாச்சு, மாட்டியாச்சு, பில் பாஸ் ஆயாச்சு. கணக்குப்படி அது "நவீனமயமாக்கப்பட்ட" ஸ்டேஷன்தான்.

சாத்தான்குளம் நடந்த அதே வருஷம், 2020 டிசம்பர் 2-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் ஓர் உத்தரவு போட்டது. நீதிபதிகள் நாரிமன், கே.எம்.ஜோசப், அனிருத்தா போஸ். நாட்டில் உள்ள ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா இருக்க வேண்டும். வாசல், பின்பக்கம், லாக்கப், லாக்கப்புக்கு வெளியே, வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, கழிப்பறைக்கு வெளியே என்று இடம் இடமாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். இருட்டிலும் தெரிய வேண்டும். படம் மட்டுமல்ல, குரலும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அந்த அளவுக்குக் கருவி சந்தையில் கிடைக்கவில்லை என்றால்கூட ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. கரண்ட் இல்லாத இடமா, சோலார் வைத்தாவது ஓட்டு. கேமரா ஓடுவதற்கு அந்த ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு.

இதுல ரெண்டு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது. ஒண்ணு: ஸ்டேஷன் வாசல்லயும் உள்ளேயும் பெரிய எழுத்துல, மக்கள் மொழியில, இங்கே கேமரா இருக்குன்னு அறிவிப்பு வைக்கணும். பதிவு எவ்வளவு காலம் இருக்கும், மனித உரிமை மீறல் நடந்தா பாதிக்கப்பட்டவர் அந்தப் பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லிக் கேட்க உரிமை உண்டுன்னும் அதுல இருக்கணும். சித்தி பஸ்ல கேட்டாங்களே, அந்தக் கேள்விக்கான பதில் அந்தப் பலகையில இருந்திருக்கணும்.

இன்னொண்ணு: ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கண்காணிப்புக் குழு. ஆட்சியர், எஸ்.பி. உட்பட அதிகாரிகள், அவங்களோட மக்கள் பிரதிநிதி ஒருத்தர்: நகரப் பகுதின்னா மேயர், கிராமப் பகுதின்னா மாவட்ட ஊராட்சித் தலைவர். இவங்க கேமரா ஓடுதான்னு மட்டும் பார்த்தா போதாது. புகாரே வராத மீறல் ஏதாவது நடந்திருக்கான்னு பதிவுகளையும் பார்க்கணும். மறுபடி படிங்க: புகாரே வராத மீறல். எங்க சித்தப்பா மாதிரி "விடுல"ன்னு வீட்டுக்கு வந்தவங்களுக்காகவே எழுதின வரி அது.

மாவட்ட ஊராட்சித் தலைவர் யாரு? ஏதோ ஒரு கட்சிக்காரர். நம்ம கட்சிக்காரராவும் இருக்கலாம். 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டமா பிரிஞ்ச பிறகு ஆழ்வார்குறிச்சி தென்காசிக்கு வந்துடுச்சு, அம்பை நெல்லையிலயே இருக்கு. ஆக நமக்கு ஒரு குழு, அவங்களுக்கு ஒரு குழு. ரெண்டுலயும் மக்கள் ஓட்டு வாங்கி மேல போன ஒருத்தருக்கு நாற்காலி இருக்கு. கூட்டம் கடைசியா எப்போ நடந்துச்சுன்னு நம்ம நிர்வாகிகள்ல எத்தனை பேர் கேட்டிருக்கோம்? நானும் கேட்டதில்ல.

சரி, கணக்குக்கு வரேன். இது என் தொழில், அதனால கொஞ்சம் ஆசையா எழுதுவேன்.

ஒரு ஸ்டேஷனுக்கு பத்து கேமரான்னு வைங்க. மேல சொன்ன இடமெல்லாம் மாட்டினா பத்துக்கும் மேலயே வரும். நல்ல தெளிவுல, இப்போ இருக்கிற சுருக்கு முறையில பதிவு பண்ணினா ஒரு கேமரா நொடிக்கு சுமார் ரெண்டு மெகாபிட் எடுக்கும். ஒரு நாளைக்கு 21 ஜிபி சொச்சம். பத்து கேமராவுக்கு 216 ஜிபி. இப்போ அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு டிபி டிஸ்க் போட்டா எத்தனை நாள்? ஒன்பது நாள். பத்தாவது நாள் காலையில முதல் நாளை அழிச்சு அதுமேல எழுத ஆரம்பிச்சிடும். யாரும் கெட்ட எண்ணத்தோட பட்டனை அழுத்த வேண்டாம், பெட்டி தன் வேலையைப் பார்க்கும்.

18 மாதத்துக்கு வேணும்னா? கிட்டத்தட்ட 118 டிபி. தெளிவைப் பாதியாக் குறைச்சாலும் 60 டிபி கிட்ட வரும். பெரிய பெரிய டிஸ்க்கா அடுக்கி, ஒண்ணு செத்தா இன்னொண்ணு தாங்குற மாதிரி வச்சு, யூபிஎஸ் கொடுத்து, சூடு தாங்குற அறையில வைக்கணும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல, ஃபேன் இல்லாத ரைட்டர் ரூம்ல, எஃப்ஐஆர் கட்டுக்குப் பக்கத்துல வச்சா ஒரே கோடையில போயிடும். ஆக, செலவு கேமராவுல இல்ல. கேமரா சில ஆயிரம் ரூபாய். டிஸ்க்கும் பராமரிப்பும்தான் லட்சத்துல போகும். அதுவும் ஒரு தடவை இல்ல, நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திக்கிட்டே இருக்கணும்.

ஆனா டிஸ்க்கை ரிப்பன் கட்டித் திறந்து வைக்க முடியாது. கொடியசைச்சு அனுப்பவும் முடியாது. ஜீப்புக்கு அந்த அழகு உண்டு.

பணம் எங்கே இருந்து வருது? காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ள துறை. சம்பளம், கட்டடம், பெட்ரோல் எல்லாம் பெரும்பாலும் மாநில அரசின் மானியக் கோரிக்கை வழியாகத்தான். அதோடு ஒன்றிய அரசின் காவல் நவீனமயமாக்கல் திட்டம் இருக்கிறது. 1969-லேயே தொடங்கிய திட்டம். தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கு. 2022 பிப்ரவரியில் இதை 2021-22 முதல் 2025-26 வரைக்கும் நீட்டித்தபோது ஒட்டுமொத்தமாக 26,275 கோடி என்று தலைப்புச் செய்தி வந்தது. அதில் பெரும்பகுதி, 18,839 கோடி, காஷ்மீர், வடகிழக்கு, நக்சல் பாதிப்புப் பகுதிகளுக்கு. மாநில காவல் படைகளை நவீனமாக்க ஒதுக்கியது 4,846 கோடி. தடயவியலுக்குத் தனியாக 2,080.50 கோடி.

4,846 கோடி பெருசாத்தான் தெரியும். அஞ்சு வருஷத்துக்கு, நாடு முழுக்க. நாட்டுல 17,000-க்கும் மேல காவல் நிலையம் இருக்கு. வகுத்துப் பாருங்க. ஒரு ஸ்டேஷனுக்கு வருஷத்துக்கு ஆறு லட்சம்கூட வராது. இது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பிரிச்சுக் கொடுக்கிற பணம் இல்ல, ஆயுதம், வயர்லெஸ், பயிற்சிக் கருவி, லேப்னு பல வகையில போகும். சும்மா அளவு புரியட்டும்னுதான் வகுத்தேன். இதுல 118 டிபிக்கு இடம் எங்கே? யாராவது எழுத்துல "டிஸ்க்குக்கு இவ்வளவு, பராமரிப்புக்கு இவ்வளவு"ன்னு கேட்டு வாங்கினாத்தான் உண்டு.

கருவி வாங்குறதுல நடக்கிற கூத்து தனிக்கதை. 2018-ல தமிழ்நாட்டையே கலக்கின வாக்கி டாக்கி டெண்டர் விவகாரம் ஞாபகம் இருக்கும். லஞ்ச ஒழிப்புத் துறை வரைக்கும் போச்சு. அதுக்குள்ள இப்போ போகல.

இந்த இடத்துல சில தோழர்கள் "அப்போ நீ போலீஸுக்கு எதிரா?"ன்னு கேட்பீங்க. இல்ல. என் காலேஜ் செட்டுல ஒருத்தன் மெக்கானிக்கல் முடிச்சிட்டு இரண்டாம் நிலைக் காவலரா இருக்கான். இப்போ நம்ம தலைமுறையில இன்ஜினியரிங் முடிச்ச எத்தனை பேர் அந்தத் தேர்வை எழுதுறாங்கன்னு உங்களுக்கே தெரியும். அவன் சொன்ன ஒரு விஷயம். 2024 ஜூலை 1-ல இருந்து புதுச் சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் 105-ஆவது பிரிவுப்படி சோதனை போட்டாலோ பொருளைக் கைப்பற்றினாலோ வீடியோ எடுத்தே ஆகணும். 176-ஆவது பிரிவுப்படி ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குற்றம்னா தடயவியல் நிபுணர் இடத்துக்கே வரணும். நல்ல சட்டம்தான். "ஆனா மாப்ள, வீடியோ எடுக்கிறது என் போன்ல, டேட்டா போடுறது என் காசுல"ங்கிறான். "போன்ல இடம் இல்லன்னு பொண்ணோட பிறந்தநாள் வீடியோவை அழிச்சேன்டா." சட்டத்தை மாத்தினவங்க போனுக்குக் காசு ஒதுக்க மறந்துட்டாங்க.

பயிற்சியைக் கேட்டேன். ஒரு நாள் ஹால்ல உட்கார வச்சு ஸ்லைடு போட்டாங்களாம். பந்தோபஸ்து முடிச்சு நேரா வந்தவங்க பாதிப் பேர் தூங்கிட்டாங்களாம். அவனும்தான். 2019-ல காமன் காஸ் அமைப்பும் சிஎஸ்டிஎஸ் லோக்நீதியும் சேர்ந்து காவல்துறை நிலை பத்தி ஓர் அறிக்கை வெளியிட்டாங்க. அஞ்சு வருஷச் சராசரியில, வேலைக்குச் சேர்ந்த பிறகு பயிற்சி கிடைச்சது படையில 6.4 சதவீதம் பேருக்குத்தான். வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரியில அகாடமி இருக்கு, இங்க மணிமுத்தாறுல பட்டாலியன் இருக்கு. அணிவகுப்புக்கும் துப்பாக்கிக்கும் குறை இல்ல. ஒருத்தரை அடிக்காம எப்படி விசாரிக்கிறது, கைரேகையை எப்படிக் கெடுக்காம எடுக்கிறது, செல்போன் டவர் விவரத்தை எப்படிப் படிக்கிறது, இதெல்லாம் சொல்லிக் கொடுக்கத்தான் நேரமும் காசும் இல்ல.

அடி எங்கே இருந்து வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. மேல இருந்து "நாளைக்குள்ள முடி"ன்னு போன் வருது. லேப் ரிப்போர்ட் வர மாசக்கணக்கு. கையில இருக்கிற ஒரே கருவி லத்தி. இதைச் சொல்றது அடிச்சவனை நியாயப்படுத்த இல்ல. காதுச் சவ்வு கிழிஞ்ச ஆளோட வீட்டுல இருந்துதான் எழுதுறேன். ஆனா லத்திக்கு மாற்றா ஒரு கருவியை அவன் கையில கொடுக்காம, லத்தியை மட்டும் திட்டிக்கிட்டு இருந்தா எங்க ஊர்ல ஒண்ணும் மாறல, அதைத்தான் பார்க்கிறேன்.

கேமரா எல்லாத்துக்கும் மருந்து கிடையாது, அதையும் ஒத்துக்கணும். 2025 ஜூன் மாசம் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். நகை காணோம்னு ஒரு புகார். தனிப்படை கூட்டிட்டுப் போனது லாக்கப்புக்கு இல்ல, கோயிலுக்குப் பின்னால இருக்கிற இடத்துக்கு. ஸ்டேஷன் கேமரா இல்லாத இடம் அது. ஜூன் 28 அன்னிக்கு அவர் இறந்தார். கழிப்பறை ஜன்னல் வழியா ஒருத்தர் தன் செல்போன்ல எடுத்த சில நொடி வீடியோதான் நீதிமன்றத்துல பேசுச்சு. அஞ்சு காவலர்கள் கைதானாங்க, வழக்கு சிபிஐக்குப் போச்சு.

அமெரிக்காவுலயும் இதே கதைதான். 2014-ல ஃபெர்குசன்ல ஒரு கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்ன பிறகு, சட்டையில மாட்டுற கேமரா வாங்க ஒன்றிய அரசு மானியம் கொடுக்க ஆரம்பிச்சது. 2015-ல மட்டும் 73 காவல் அமைப்புகளுக்கு 23 மில்லியன் டாலருக்கு மேல. 2020 மே மாசம் மினியாபொலிஸ்ல ஜார்ஜ் ஃபிளாய்டைக் கொன்னப்போ அந்தக் காவலர்கள் சட்டையிலயும் கேமரா ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனாலும் போலீஸ் முதல்ல வெளியிட்ட அறிக்கை "மருத்துவப் பிரச்சினையால் இறந்தார்"ங்கிற மாதிரிதான். ரோட்டுல நின்ன 17 வயசுப் பொண்ணு டார்னெல்லா ஃப்ரேஸியர் தன் போன்ல எடுத்த வீடியோ இல்லன்னா அந்த அறிக்கையே வரலாறா நின்னிருக்கும். அரசாங்கக் கேமரா ஓடுச்சு, ஆனா சாவி அவங்க கையில இருந்துச்சு. இது நடந்து ஒரு மாசத்துல இங்கே சாத்தான்குளம்.

அதனாலதான் சொல்றேன், நாம கேட்க வேண்டியது "கேமரா எப்போ"ங்கிறதோட நிக்கக்கூடாது. பதிவு எத்தனை நாள் இருக்கு, சாவி யார் கையில இருக்கு, குழு கடைசியா எப்போ உட்கார்ந்து பார்த்துச்சு. 2025 செப்டம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றமே தானா இதை மறுபடி கையில எடுத்துச்சு. ராஜஸ்தான்ல ஏழெட்டு மாசத்துல 11 காவல் மரணம்னு பத்திரிகையில வந்த செய்தியைப் பார்த்து, ஸ்டேஷன்கள்ல கேமரா ஏன் ஓடலன்னு கேட்டுச்சு. உத்தரவு போட்டு அஞ்சு வருஷம் ஆகப் போன நேரம், அப்போவும் அதே கேள்வி.

இப்போ நம்ம வீட்டுக் குப்பையையும் கொஞ்சம் கிளறுறேன், கோவிச்சுக்காதீங்க. அம்பை விவகாரம் வெளியே வந்தப்போ நம்ம வாட்ஸ்அப் குரூப்புலயே "ரவுடிப் பயலுகளுக்கு இப்படித்தான் செய்யணும்", "சிங்கம்டா"ன்னு ஸ்டேட்டஸ் வச்சவங்க இருந்தாங்க. பேர் சொல்லல. என்கவுன்டர் நடந்தா பட்டாசு எமோஜி போடுறவங்களும் இருக்காங்க. நான்கூட ஒரு காலத்துல போட்டிருக்கேன். எங்க சித்தப்பா ரவுடி இல்ல. ஆனா அன்னிக்கு ராத்திரி ஒன்பதரை மணி வரைக்கும் அந்த ஸ்டேஷனுக்கு அவர் யாருன்னு என்ன தெரியும்? எதிர்த்தரப்பு சொன்னதுதான் தெரியும்.

அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்னாடி, நம்ம சட்டமன்ற உறுப்பினர்கள்கிட்டயும் வேட்பாளர்கள்கிட்டயும் கொடுக்க ஒரு குறிப்பு தயார் பண்ணிக்கிட்டு இருக்கேன். நாம ஆளும்கட்சியா இருந்தாலும் எதிர்க்கட்சியா இருந்தாலும் இதே குறிப்புதான். அரசு வருஷா வருஷம் வெளியிடுற காவல்துறை கொள்கை விளக்கக் குறிப்புல எத்தனை வண்டி, எத்தனை கேமரான்னு எண்ணிக்கை போடுறாங்க. அதோட ஒரு வரி சேர்க்கச் சொல்லணும்: ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இன்றைய தேதிக்கு எத்தனை நாள் பதிவு இருப்பில் இருக்கு. பெட்டியைத் திறந்து பார்த்தா அந்த எண் திரையிலேயே தெரியும். ரகசியமும் கிடையாது, நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தும் கிடையாது.

உங்ககிட்ட கேட்கிறது ரெண்டே வேலை.

முதல் வேலை, உங்களுக்கோ உங்க தெருவுல யாருக்கோ ஸ்டேஷன்ல ஏதாவது நடந்திருந்தா, சண்டைக்குப் போகாதீங்க, வீடியோ போட்டு வைரல் பண்ணவும் காத்திருக்காதீங்க. அன்னிக்கே, முடியலன்னா மறுநாளே, தேதி, நேரம், எந்த அறைன்னு எழுதி, அந்தப் பதிவைப் பாதுகாத்து வைக்கணும்னு எஸ்.பி.க்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் பதிவுத் தபால்ல ஒரு மனு போடுங்க. மாவட்டத்துல மனித உரிமை நீதிமன்றமும் இருக்கு. புகார் கொடுக்கிறதா வேண்டாமான்னு வீட்டுல பேசி முடிவெடுக்க மாசக்கணக்கு ஆகட்டும், பரவாயில்ல. பதிவைக் காப்பாத்தச் சொல்ற மனுவுக்கு மட்டும் ஒன்பது நாள் கணக்கை மனசுல வச்சுக்கோங்க. எழுதத் தெரியலன்னா இன்பாக்ஸ்ல வாங்க, நம்ம அணியில வக்கீல் தோழர்கள் இருக்காங்க, இலவசமா எழுதித் தருவாங்க.

ரெண்டாவது, அடுத்த தடவை ஏதாவது வேலையா ஸ்டேஷன் பக்கம் போனா, சிஎஸ்ஆர் ரசீது வாங்கவோ, பாஸ்போர்ட் விசாரணைக்கோ, வாசல்ல அந்த அறிவிப்புப் பலகை இருக்கான்னு மட்டும் பாருங்க. தமிழ்ல இருக்கா, எத்தனை நாள் பதிவுன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. உள்ளே போய் போட்டோ எடுக்க வேண்டாம், பாரா டூட்டில இருக்கிறவர்கிட்ட வம்பும் வேண்டாம், அவரும் பன்னிரண்டு மணி நேரமா நின்னுக்கிட்டு இருப்பார். ஊர் பேர், பலகை இருக்கு அல்லது இல்லை, அவ்வளவுதான், கீழே கமெண்ட்ல போடுங்க. தென்காசி, நெல்லை ரெண்டு மாவட்டத்துக்கும் ஷீட் திறந்து வச்சிருக்கேன். முதல் வரிசையில எங்க ஊரை நானே நிரப்புறேன், நாளைக்குக் காலையில கடைக்குப் போற வழியில பார்த்துட்டு வந்து.

– ஐடி விங் தன்னார்வலர், ஆழ்வார்குறிச்சி